கைக்கு வராத கப்பலுக்குக் காப்பீடு

முத்துக்குளித்துறையில் இன்சூரன்ஸ் வருவதற்கு முன்பே ஒருவகைக் காப்பீடு இருந்தது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்குச் சிப்பியில் ஒரு பங்கு போகும். அவர் இல்லாமல் பலர் நீரில் இறங்கவே மாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசாங்கமும் அவரை விட்டுவைத்தது. மந்திரம் பலித்ததோ இல்லையோ, ஏற்பாடு மட்டும் கடலில் குதிப்பதற்கு முன்பே முடிந்துவிடும்!

கப்பல் வாங்குபவருக்கும் இதே கேள்விதான். பழைய கப்பல் ஒன்றை விலை பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. கிரயம் முடிவதற்குள் அது மூழ்கினால்? இன்னும் தன்னுடையதாகாத கப்பலுக்குக் காப்பீடு எடுக்க முடியுமா?

இதற்கு விடை தேடிய புகழ்பெற்ற வழக்கு, தூத்துக்குடியின் தலைவிதியை மாற்றிய அதே போரில் பிறந்தது. 1795ல் பிரான்ஸ் ஹாலந்தைப் பிடித்ததும், ஆங்கிலேயர்கள் கிழக்கே டச்சுக்காரர்களின் கோட்டைகளையும் கப்பல்களையும் கைப்பற்றினார்கள். தூத்துக்குடி அப்படித்தான் டச்சுக்காரர் கையை விட்டுப் போனது (1818ல் திரும்பக் கிடைத்து, 1825ல் நிரந்தரமாகப் போனது). பிடிபட்ட டச்சுக் கப்பல்கள் சில செயின்ட் ஹெலினா தீவில் நின்றன. அவற்றை நிர்வகிக்க லண்டனில் நியமிக்கப்பட்ட ஆணையர்கள், கப்பல்கள் இங்கிலாந்து வந்து சேருமுன்பே காப்பீடு எடுத்தனர். வழியில் சில கப்பல்கள் அழிந்தன. காப்பீட்டாளர்கள் பணம் தர மறுத்தனர்.

'லூசினா எதிர் க்ராஃபர்ட்' என்ற அந்த வழக்கில் 1806ல் எல்டன் பிரபு சொன்ன கருத்து இன்றும் பேசப்படுகிறது: கப்பல் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போதாது. சொத்தில் ஓர் உரிமை, அல்லது ஒப்பந்தத்தால் வரும் ஓர் உரிமை வேண்டும். வெறும் ஆசைக்குக் காப்பீடு கொடுத்தால் அது சூதாட்டம். அடுத்தவர் கப்பல் மூழ்கும் என்று பந்தயம் கட்டுவதைத் தடுக்கத்தான் 1745லேயே அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1906 டிசம்பரில், இந்த விதிகளெல்லாம் ஒரே சட்டமாகின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 16ல், தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். வாடகைக்கு எடுத்த கப்பல்களைப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி மிரட்டிப் பின்வாங்கச் செய்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் வழியில்லை என்றானது. 1907ல் 'காலியா', 'லாவோ' இரண்டும் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டன. பணம் போட்டவர்கள் இங்கே, கப்பல் கிளம்பும் துறைமுகம் ஐரோப்பாவில், நடுவே மத்தியதரைக் கடலும் சூயஸும் செங்கடலும்! கிரயத்துக்கும் வருகைக்கும் இடைப்பட்ட அந்த நாட்கள் யார் பொறுப்பு என்பது 25 ரூபாய்ப் பங்குதாரருக்கு வாழ்வா சாவா என்ற விஷயம்.

இந்தியாவின் 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. பாலிசி எடுக்கும்போது கப்பல் உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நஷ்டம் நேரும் நேரத்தில் உங்களுக்கு அதில் உரிமை இருக்க வேண்டும். மூழ்கிய செய்தி தெரிந்தபின் ஓடிப்போய் உரிமை வாங்க முடியாது.

பழைய படகு வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இன்னோர் இடத்தில். விற்பவரின் பாலிசி படகோடு சேர்ந்து தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. படகின் மீதுள்ள உரிமை கைமாறினாலும் பாலிசியை மாற்றிக் கொடுக்கத் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். கைமாறியதுமே பாலிசி முடிந்துவிடும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே புதிய பாலிசி கிரயத்துக்கு முன்பே தயாராக இருந்து, கிரயம் நடக்கும் அந்த நேரத்திலிருந்து ஓட வேண்டும்.

இன்னொன்று, படகைப் பற்றிய முக்கியமான விவரங்களை மறைக்கக்கூடாது. தொழில் நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியதையும் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். முந்தைய முதலாளி மரப்பலகையில் என்ன ஒட்டுப்போட்டார் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் முன்பணம் கொடுக்கும்போதே, சர்வேயர் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே பாக்கித் தொகை என்று எழுதிக்கொள்கிறார்கள்.