புழுங்கலரிசியும் தோட்டத்து அடுப்பும்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் பற்றி விரிவாகக் கூறுவர். அடுப்பைப் பற்றிக் கூறுவோர் அரியர். 1920களில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி, ஆடவருக்கு 50 காசும் பெண்டிருக்கு 40 காசும் ஆகும். அதைக் கொண்டு மக்களை வளர்த்து, ஊருக்கும் சிறிது அனுப்பிய குடும்பங்கள் எதை உண்டன என்பது சிறிய வினா அன்று.

அவர்கள் உண்டது புழுங்கலரிசி. பழுப்பு நிறமும் ஒருவித வாடையும் உடைய அதனை, நன்கு தீட்டிய சயாம் பச்சரிசியோடு ஒப்பிட்டு மட்டமானதென எண்ணியோர் பலர். ஆனால் அந்த வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி நோய் பரவியது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து அவர்கள் மாண்டனர். தமிழரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது.

டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதனை ஆராயத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குச் சயாம் பச்சரிசி, மற்றப் பிரிவினருக்குப் புழுங்கலரிசி. குற்றம் இடத்தில் இருக்குமோ என்று ஐயுற்று, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர்; புழுங்கலரிசி உண்ட 123 பேருள் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அச்சத்தை ஜாவாத் தீவின் பத்தாவியாவில் இரு டச்சு அறிஞர் பிரித்தெடுத்தது 1926இல்தான்.

தோட்டத்துத் தாய்மார் இவற்றை அறிந்து சமைத்தவர் அல்லர். முன்னோரின் விஞ்ஞானம் என்று மேடைகளில் முழங்குவது மிகை. அது ஊர்ப் பழக்கம், அவ்வளவே. ஆனால் அவர்களது சிக்கனம் அப்பழக்கத்திற்குத் துணை நின்றது. வடித்த கஞ்சியைக் கொட்டாது உப்பிட்டுப் பருகினர். எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, விடியுமுன் பால்வெட்டுக்குப் போவோருக்கு அளித்தனர். லயத்துக் கொல்லையில் வளர்ந்த முருங்கைக் கீரையும் ஒரு துண்டுக் கருவாடும் கறியாயின. காசு செலவில்லாக் கீரையே அவ்வுணவில் சத்து மிக்கது.

இதனால் அவர்கள் நலமாக வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் எந்த அரிசியும் தடுக்கவில்லை. 1930இல் இரப்பர் விலை வீழ்ந்தபோது கூலியும் 40 காசுக்கும் 32 காசுக்கும் இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

சப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்துச் சுருங்கி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. பல வீடுகளில் கிடைத்த பிடி அரிசி குழந்தையின் கஞ்சிக்கே போயிற்று. 1943இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழருக்குக் கிடைத்ததோ தீட்டிய வெள்ளரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. வாந்திபேதியும் புண்ணும் தாக்கிய அம்முகாம்களில், தோட்டத்தில் அவர்களை அணுகாதிருந்த பெரிபெரியும் அவர்களைப் பற்றியது.