தோணி இழந்த பெயர்

தைவானின் தலைநகரான தைபேயின் தென்மேற்கே, தம்சுய் ஆற்றின் கரையில் அமைந்தது வான்ஹுவா வட்டம். தைபேயின் மிகப் பழைய குடியிருப்பு இதுவே. ஆயினும் இப்பெயர் அத்துணைப் பழமையுடையதன்று.

சீனர் குடியேறுமுன் அவ்வாற்றுப் படுகையில் வாழ்ந்தோர் கெதகலன் என்னும் பழங்குடியினர். ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் விளைபொருள் ஏற்றிவந்து, கரையில் சீன வணிகரிடம் பண்டமாற்றுச் செய்தனர். சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்ற தெரு கிழங்குச் சந்தை என்றே பெயர் பெற்றது. தோணிக்குக் கெதகலன் மக்கள் வழங்கிய சொல்லே, தோணிகள் கூடிய துறைக்கும் பெயராயிற்று. பிலிப்பைன்சில் இன்றும் படகைப் பங்கா என்பர். இரண்டும் ஒரே பெருங்குடும்பத்து மொழிகள்.

புஜியானிலிருந்து வந்த குடியேறிகள் அச்சொல்லைத் தம் ஹொக்கியன் மொழியில் பாங்கா என்று ஒலித்தனர். எழுதுகையில் அவர்கள் தேர்ந்த இரண்டு எழுத்துக்களும் கருதத்தக்கன. தமிழெழுத்து ஒலியை மட்டுமே சுமக்கும். சீன எழுத்தோ பொருட்குறியையும் தன்னுள் கொள்ளும். அவ்விரண்டு எழுத்துக்களிலும் படகைக் குறிக்கும் உறுப்பு இடப்புறம் நிற்கிறது. அயல்மொழிச் சொல்லின் ஒலியோடு பொருளையும் காத்த அரிய ஆக்கம் இது.

1738இல் லுங்ஷான் கோயில் எழுந்தது. துறைமுகம் செழித்தது. தைவானின் பெருநகர்களைத் தைனான், லுகாங், பாங்கா என வரிசைப்படுத்தும் வழக்கும் தோன்றியது. 1853இல் குடியேறிகளிடையே மூண்ட கலவரமும், ஆறு தூர்ந்தமையும் வணிகத்தை வடக்கே தாதாவோசெங்குக்குக் கொண்டுசென்றன.

1895இல் தைவான் ஜப்பானிய ஆட்சிக்கு உட்பட்டது. 1920இல் ஊர்ப்பெயர்கள் பல திருத்தப்பட்டபோது பாங்காவின் எழுத்துக்களும் மாறின. புதியவை ஜப்பானிய ஒலிப்பில் பழைய பெயரை ஒத்தவை. பொருளோ பதினாயிரம் பொலிவு. மங்கலமான பெயர்தான்! ஆனால் தோணி போய்விட்டது. ஒலி மட்டும் எஞ்சியது.

1945இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தது. சீன மாண்டரின் ஆட்சிமொழியாயிற்று. எழுத்துக்கள் மாறவில்லை, அவற்றை மாண்டரினில் படித்தபோது வான்ஹுவா பிறந்தது. முன்பு பொருளைப் பறித்தவர் ஒலியை விட்டுவைத்தனர். இப்போது அவ்வொலியும் நீங்கியது. முதலில் நகராட்சிப் பிரிவுகளுக்கு லுங்ஷான், ஷுவாங்யுவான் என்னும் பெயர்களே வழங்கின. 1990இல் தைபேயின் பதினாறு வட்டங்கள் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டபோது, அவ்விரண்டும் இணைந்த புதிய வட்டத்திற்கு வான்ஹுவா என்பதே பெயராயிற்று.

கெதகலன் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இன்று எவருமிலர். எனினும் அவர்தம் சொல்லை ஹொக்கியன் பேசும் முதியோர் விடவில்லை. அவர்கள் வாயில் அவ்வூர் இன்றும் பாங்காதான். அங்குள்ள பெருஞ்சாலையொன்று தோணி உறுப்புடைய பழைய எழுத்துக்களையே பெயராகக் கொண்டிருக்கிறது. 2010இல் அவ்வூரைக் களமாகக் கொண்டு வெளிவந்த திரைப்படமும் அவ்விரண்டு எழுத்துக்களையே தலைப்பாகச் சூடிக்கொண்டது.