கில்லன்-பாரே கூட்டறிகுறி

கில்லன்-பாரே கூட்டறிகுறி என்பது உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சொந்தப் புற நரம்புகளையே தாக்குவதால் உண்டாகும் ஓர் அரிய நரம்பு நோய் ஆகும். இது தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று. பெரும்பாலும் பாதங்களில் மதமதப்பாகவும் கூச்சமாகவும் தொடங்கி, சில நாட்களில் கால், இடுப்பு, கை, முகம் என மேல்நோக்கிப் பரவும் தசைத் தளர்ச்சியாக வெளிப்படுகிறது. ஆண்டொன்றுக்கு 1,00,000 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது ஏற்படுகிறது. எந்த வயதினருக்கும் வரலாம். எனினும் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, மரபு வழியாகவும் வருவதில்லை.

பிரெஞ்சு மொழியில் இப்பெயரை ஏறத்தாழ "கியான்-பாரே" என ஒலிப்பர். ஆங்கில எழுத்துகளை அப்படியே படித்துத் தமிழ் இதழ்கள் பலவாறு எழுதுகின்றன. மருத்துவமனைகளில் "ஜிபிஎஸ்" என்ற சுருக்கமே வழங்குகிறது.

பெயரும் வரலாறும்

கால்களில் தொடங்கி மேலேறும் பக்கவாதத்தைப் பற்றி 1859 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் லாண்ட்ரி எழுதியிருந்தார். 1916 இல், முதலாம் உலகப் போரின்போது, பிரெஞ்சுப் படை மருத்துவர்களான ஜார்ஜ் கில்லன், ழான் அலெக்சாண்டர் பாரே, ஆந்த்ரே ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் இரு படைவீரர்களிடம் இந்நோயைக் கண்டு விளக்கினர். மூளைத்தண்டுவட நீர்மத்தில் புரதம் மிகுந்திருந்தும் உயிரணுக்களின் எண்ணிக்கை கூடாமல் இருந்தது. போலியோ போன்ற தொற்றுகளில் உயிரணுக்களும் கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய இது உதவியது. படைவீரர் இருவரும் தேறினர். நரம்புகளின் மின்செயல்பாட்டை அளந்த ஸ்ட்ரோலின் பெயர் பின்னாளில் வழக்கிலிருந்து விடுபட்டுப் போனது. மூவர் எழுதிய கட்டுரை இன்று இருவர் பெயரால் வழங்குவது சற்று நேர்மையற்றதே.

நோய் உண்டாகும் விதம்

நரம்பிழை ஒன்றை மின்கம்பியாகக் கொண்டால், அதைச் சுற்றியுள்ள மயலின் உறை அதன் காப்புறை போன்றது. எனினும் இந்த ஒப்புமை ஓரளவே பொருந்தும். மயலின் உறை இடையிடையே விடுபட்டிருக்கிறது. நரம்புக் கணத்தாக்கம் ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்வதால்தான் கை நரம்புகளில் நொடிக்கு 50 மீட்டருக்கும் மேற்பட்ட விரைவு கிடைக்கிறது. உறை சிதைந்தால் கணத்தாக்கம் மெதுவாகும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். தசையில் குறை ஏதுமில்லை, மூளையிலும் இல்லை. இடையிலுள்ள செய்தித் தொடர்பே அறுபடுகிறது.

நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு, முந்தைய சில வாரங்களில் வயிற்றுப்போக்கோ மூச்சுத்தொற்றோ வந்திருக்கும். இவற்றுள் நன்கு ஆராயப்பட்டது காம்பிலோபாக்டர் செசூனி என்னும் பாக்டீரியா. இது கோழிகளின் குடலில் இயல்பாக வாழ்வது. சரிவர வேகாத கோழி இறைச்சி, மாசடைந்த நீர் ஆகியவற்றின் மூலம் மனிதரை அடைகிறது. இதன் மேலுறையில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள் மனித நரம்புப் படலத்தில் உள்ள கேங்லியோசைடு என்னும் பொருளை ஒத்தவை. பாக்டீரியாவை அழிக்க உருவான பிறபொருளெதிரிகள் ஆள்மாறாட்டத்தில் ஏமாந்து நரம்பையும் தாக்குகின்றன. ஆயினும் இப்பாக்டீரியாவால் நோயுற்றவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே கில்லன்-பாரே ஏற்படுகிறது.

2013-14 இல் பிரெஞ்சு பொலினீசியாவில் சிகா தீநுண்மம் பரவியபோது இந்நோயும் பெருகியது. 2025 சனவரி முதல் மகாராட்டிர மாநிலம் புனேயில் 200-க்கும் மேற்பட்டோர் இந்நோய் ஐயத்துடன் கண்டறியப்பட்டனர். அவர்களுள் சிலரின் மலத்தில் காம்பிலோபாக்டர் காணப்பட்டது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

தளர்ச்சி பெரும்பாலும் இருபுறமும் ஒத்திருக்கும். முழங்காலைத் தட்டினால் எழும் அனிச்சை எதிர்வினை குறையும் அல்லது மறையும். முதுகிலும் கால்களிலும் கடும் வலி இருக்கலாம். தளர்ச்சி நான்கு வாரங்களுக்குள் உச்சத்தை அடையும். பலருக்கு இரண்டு வாரங்களிலேயே அடைந்துவிடும்.

முதல் நாட்களில் இதனைக் கண்டறிவது எளிதன்று. "களைப்பு", "மன அழுத்தம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. மூளைத்தண்டுவட நீர்மத்தின் புரதமும் முதல் வாரத்தில் இயல்பாகவே இருக்கக்கூடும். எனவே அச்சோதனை இயல்பாக இருப்பதைக் கொண்டு நோய் இல்லை என முடிவு செய்யக் கூடாது. ஏறிக்கொண்டே போகும் தளர்ச்சியும் மறைந்த அனிச்சை எதிர்வினையுமே மருத்துவரை விழிக்கச் செய்ய வேண்டியவை.

மூச்சுத் தசைகள் பாதிக்கப்படுவதே பேரிடர். நோயாளிகளில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படுகிறது. 2020 இன் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் விரல்நுனியில் மாட்டும் ஆக்சிசன் அளவி பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் இந்நோயில் அதை நம்பியிருக்க முடியாது. மூச்சுத் தசைகள் வெகுவாகத் தளர்ந்த பின்னரே அதன் எண் இறங்கும். அதற்கு முன்பே, ஒரே மூச்சில் எண்களை உரக்க எண்ணச் சொன்னால், நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைவது தெரியும். மருத்துவமனையில் மூச்சளவைக் கருவியால் இதைத் திருத்தமாக அளப்பர்.

இந்தியாவில் 15 வயதுக்குட்பட்ட ஒருவருக்குத் திடீரெனத் தசைத் தளர்ச்சி ஏற்பட்டால், போலியோ கண்காணிப்பின் பொருட்டு மலமாதிரி எடுத்து ஆய்வது நடைமுறை. 2011 க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ தீநுண்மத்தால் எவரும் பாதிக்கப்படவில்லை. எனவே மாதிரி கேட்பதைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

சிகிச்சை

பயன் நிறுவப்பட்ட சிகிச்சைகள் இரண்டு. குருதி நீர்மத்தைப் பிரித்தகற்றி மாற்று நீர்மம் செலுத்தும் குருதிநீர்மப் பரிமாற்றம் 1985 இல் வெளியான வட அமெரிக்க ஆய்வால் நிலைபெற்றது. கொடையாளர் ஆயிரக்கணக்கானோரின் குருதியிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினைச் சிரை வழியே செலுத்தும் முறை 1992 இல் வெளியான டச்சு ஆய்வால் வந்தது. இரண்டும் ஒத்த பயனுடையவை. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதால் கூடுதல் நன்மை இல்லை. பிற தன்னெதிர்ப்பு நோய்கள் பலவற்றில் உதவும் இசுடீராய்டு மருந்துகள் இதில் உதவுவதில்லை என்பது வியப்புக்குரியது.

இம்யூனோகுளோபுலின் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் என 5 நாட்கள் தரப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 120 கிராம் தேவை. இந்தியாவில் இதற்குச் சில இலட்சம் ரூபாய் ஆகும். எளிய கருவிகளைக் கொண்டு சிறிது சிறிதாகக் குருதி நீர்மத்தை மாற்றும் மலிவான முறை ஒன்று வங்காளதேசத்தில் சிறு அளவில் சோதிக்கப்பட்டு, 2018 இல் முடிவுகள் வெளியாயின.

நோயுடன் வாழ்தல்

இந்நோயின் கொடுமை, உடல் அசையாதபோதும் அறிவு முழுத் தெளிவுடன் இருப்பது. சுவாசக் கருவியில் உள்ளவர் படுக்கையருகே பேசப்படும் அனைத்தையும் கேட்கிறார், வலியை உணர்கிறார், சொல்ல மட்டும் இயலாது. இமையை ஒருமுறை மூடினால் "ஆம்", இருமுறை மூடினால் "இல்லை" என்ற ஏற்பாடும், எழுத்துப் பலகையும் அவருக்குப் பேச்சாகின்றன. இவற்றைத் தளர்ச்சி முற்றுமுன்பே நோயாளியுடன் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. படுக்கைப் புண், கால்களில் குருதி உறைவு, மூட்டு இறுக்கம் ஆகியவற்றைத் தடுக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைப்பதும் இயன்முறைப் பயிற்சியும் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

மயலின் உறை மட்டும் சிதைந்திருந்தால் அது வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் உருவாகிறது. நரம்பிழையே அறுந்திருந்தால் கணக்கு வேறு. நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் ஏறத்தாழ 1 மீட்டர். எனில் ஆயிரம் நாட்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. முதலில் தளர்ந்த பாதம் கடைசியில் தேறுவதன் காரணம் இதுவே. ஆறு மாதத்தில் நடக்கவில்லை என்பதால் இனி நடக்கவே முடியாது என்று கொள்ளக் கூடாது.

சிகிச்சை பெற்றும் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குப் பின்னும் துணையின்றி நடக்க இயலாதவராக உள்ளனர். ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் இறக்கின்றனர். நடக்கத் தொடங்கியவர்களிலும் பலருக்குக் கடும் அயர்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. வெளியே தெரியாத குறை என்பதால், "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று வீட்டாரும் அலுவலகத்தாரும் சொல்வதே இக்கட்டத்தின் பெரிய இடையூறு. வேலைக்கு அரை நாளாகத் திரும்பிப் படிப்படியாகக் கூட்டுவது ஏற்றது.

தடுப்பூசியும் இந்நோயும்

1976 இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி ஏறத்தாழ 4.5 கோடிப் பேருக்குப் போடப்பட்டது. 1,00,000 பேருக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் கூடுதலாக இந்நோய் கண்டதால் திட்டம் அவ்வாண்டு திசம்பரில் நிறுத்தப்பட்டது. பின்வந்த சளிக்காய்ச்சல் தடுப்பூசிகளில் இக்கூடுதல் இருந்தாலும் பத்து இலட்சத்தில் ஓரிருவர் என்ற அளவே. சளிக்காய்ச்சலால் இந்நோய் வரும் வாய்ப்பு அதனினும் மிகுதி.

அறியப்பட்ட நோயாளிகள்

"கேட்ச்-22" புதினத்தை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் சோசப் எல்லர் 1981 திசம்பரில் இந்நோய்க்கு ஆளானார். அவர் மருத்துவமனையில் இருந்த காலத்தில் வீட்டையும் கணக்குகளையும் கவனித்துக்கொண்ட நண்பர் சுபீட் வோகலுடன் சேர்ந்து, இருவரும் மாறி மாறி இயல்கள் எழுதி, அந்நாட்களைப் பற்றி 1986 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரைப் பேணிய செவிலியரையே 1987 இல் மணந்தார். செருமானியக் காற்பந்து வீரர் மார்க்கசு பாபெல் 2001 இல் லிவர்பூல் அணியில் இருந்தபோது நோயுற்றுச் சக்கர நாற்காலியில் இருந்தார். மீண்டும் ஆடத் திரும்பிய அவர், 2007 இல் செருமனியின் பன்டசுலீகா கோப்பையை வென்ற இசுடுட்கார்ட் அணியில் இடம்பெற்றிருந்தார்.