வடிகட்டி (மின்னணுவியல்)

ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் கடத்தி, பிறவற்றின் வலுவைக் குறைக்கும் மின்சுற்று. கடத்தும் பட்டையைப் பொறுத்து இது தாழ்கடத்தி, உயர்கடத்தி, பட்டைகடத்தி, பட்டைத்தடுப்பி என நான்கு வகைப்படும்.

செயல்படும் விதம்: எளிய தாழ்கடத்தியில் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் போதும். அதிர்வெண் ஏற ஏற மின்தேக்கியின் மறுப்பு குறைவதால், உயர் அதிர்வெண் குறிகை அதன் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. வெளியீட்டு மின்னழுத்தம் 70.7 விழுக்காடாகக் குறையும் (3 டெசிபல்) புள்ளியே வெட்டு அதிர்வெண். அதற்கு வெகு மேலே, அதிர்வெண் 10 மடங்காகும்போதெல்லாம் 20 டெசிபல் கூடுதலாக மெலியும். குறிகை திடீரென அறுபடுவதில்லை; படிப்படியாகவே தேய்கிறது.

எடுத்துக்காட்டு: கொரட்டூரில் ஓர் ஒலிபெருக்கியின் உள்ளீட்டுக் கம்பியில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை ஏறுவதாகக் கொள்வோம். 1 கிலோஓம் மின்தடையும், '103' என்று அச்சிட்ட 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 15.9 கிலோஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸ் பேச்சொலிக்கு மின்தேக்கி 15.9 கிலோஓம் மறுப்புக் காட்டுகிறது. பேச்சு தடையின்றிக் கடக்கும். 720 கிலோஹெர்ட்ஸில் மறுப்பு 22 ஓம் மட்டுமே. வானொலிக் குறிகை 45-இல் ஒரு பங்காக (33 டெசிபல்) மெலிகிறது.

வரம்பு: கொரட்டூர் வழிச் செல்லும் 25 கிலோவோல்ட் ரயில் மின்தடத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இச்சுற்று தடுக்காது. அதற்கு இரண்டு உறுப்புகளையும் இடம் மாற்றி, மதிப்புகளையும் மாற்றி உயர்கடத்தி அமைக்க வேண்டும்.