ஆய்வேடுகளிலிருந்து எழுந்த கோட்பாடு: தொழில்வழிச் சிகிச்சையில் மாணவர் ஆய்வுகள்

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டனின் இல்லத்தில் சிலர் கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் கண்டனர். மனநல மருத்துவர் வில்லியம் டன்ட்டனும் எலினோர் கிளார்க் ஸ்லேகலும் அவர்களுள் அடங்குவர். நெசவு, கூடை முடைதல், மரவேலை ஆகியவற்றின் வழியே நோயாளியின் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருவதே அன்றைய நோக்கம். பயிற்சியில் கைவினைக்கே முதலிடம். கோட்பாட்டைத் தேடும் ஆய்வு பின்னர்தான் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் காற்று திசை மாறியது. தசை வலிமை, மூட்டு அசைவு என அளவிடக் கூடியவற்றின் பக்கம் துறை சாய்ந்தது. அறிவியல் மதிப்பு கூடியது உண்மை. ஆனால் நோயாளி காலையில் எழுந்து என்ன செய்கிறார் என்ற பழைய கேள்வி ஓரங்கட்டப்பட்டது. மேரி ரைலி 1961இல் ஆற்றிய ஸ்லேகல் நினைவுரை இந்தப் போக்கைக் கேள்விக்குள்ளாக்கியது. இன்றும் அவ்வுரை மேற்கோள் காட்டப்படுகிறது. எனினும் ரைலியின் பெரிய பங்களிப்பு அவ்வுரை அன்று, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் வழிநடத்திய முதுகலை மாணவர்களே என்பது இக்கட்டுரையின் கருத்து. விளையாட்டிலிருந்து வேலை வரை நீளும் மனிதச் செயற்பாட்டை ஒரே பெரிய வினாவாக வைத்து, அதன் துண்டுகளை ஆளுக்கொன்றாக அவர்கள் ஆராய்ந்தனர்.

சூசன் நாக்ஸின் 1968 ஆய்வேடு, அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் அன்றாட விளையாட்டை உற்றுநோக்கியது. இடத்தைக் கையாளுதல், பொருளைக் கையாளுதல், பிறரைப் போலச் செய்தல், பிறரோடு கலந்துகொள்ளுதல் என நான்கு கோணங்களில் விளையாட்டை அளக்கும் அளவுகோல் அதிலிருந்து உருவானது. ரைலி தொகுத்து 1974இல் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றது. கேரி கீல்ஹாஃப்னரின் 1975 ஆய்வேட்டின் பயன் இன்னும் விரிந்தது. விருப்பம், பழக்கம், செயல்திறன் என்ற மூன்றையும் இணைக்கும் 'மனிதச் செயற்பாட்டு மாதிரி' அதில் கருக்கொண்டு, ஜேனிஸ் பர்க் உள்ளிட்டோரின் துணையுடன் 1980இல் கட்டுரைத் தொடராக வெளிவந்தது.

முதுகலை ஆய்வேட்டுக்கு எல்லையுண்டு; நாக்ஸின் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். அதன் நம்பகத்தன்மையைப் பிளெட்ஸோவும் ஷெப்பர்டும் 1982இல் சோதித்துத் திருத்தினர். நாக்ஸே 1990களில் மறுபடியும் திருத்தினார். இப்படி அடுத்தவர் கையிலெடுத்ததால்தான் அந்த ஆய்வேடு நூலக அலமாரியோடு நின்றுவிடவில்லை.

இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. இங்கும் மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். மேலைக் கருவிகளையும் கற்கிறார்கள். அவற்றுள் ஒன்று, ஜேனிஸ் மட்சுட்சுயு 1969இல் வெளியிட்ட ஆர்வப் பட்டியல். அதன் 80 இனங்களுக்கும் எதிரே மிகுந்த ஆர்வம், ஓரளவு ஆர்வம், ஆர்வமில்லை என நோயாளி குறிக்க வேண்டும். தோட்டவேலை, தையல், வானொலி ஆகியவை நமக்கும் பொருந்தும். போக்கர், பிரிட்ஜ், கோல்ஃப், பார்பிக்யூ? பக்கவாதம் வந்த ஒரு தஞ்சாவூர்ப் பெண்மணியிடம் கோலத்தையும் பூத்தொடுப்பதையும் பற்றியல்லவா கேட்க வேண்டும்? இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்தப் பட்டியலைத் தமிழ் வீடுகளுக்கேற்பத் திருத்தி, சோதித்து, முடிவுகளை அடுத்த அணியினர் தொடரும் வகையில் வெளியிட வேண்டும்.