தொண்டே தலைமையாக: தென்னாற்காட்டின் லுத்தரன் பெண்மணிகள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிருவருடைய பாதங்களைக் கழுவி முத்தமிடும் காட்சி, நம் பங்கு மக்கள் யாவரும் சிறு வயது முதல் கண்டு வருவதே. அந்தப் பன்னிருவர் வரிசையில் நெடுங்காலம் ஆண்களே அமர்ந்தார்கள். பெண்களும் அமரலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒழுங்கை மாற்றியது 2016-ஆம் ஆண்டு சனவரியில்தான். ஆனால் உண்மையான பாதம் கழுவும் வேலை, அதாவது நோயாளியைத் துடைப்பதும், அநாதைப் பிள்ளைக்குத் தலைவாரி விடுவதும், ஆலயத்தைக் கூட்டுவதும், என்றைக்கும் பெண்களிடமே இருந்து வந்திருக்கிறது. தொண்டு ஒருவருக்கு, தலைமை வேறொருவருக்கு என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். அப்படிப் பிரிக்கலாகாது என்று வாழ்ந்து காட்டிய லுத்தரன் சபைப் பெண்மணிகள் இருவர் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே உழைத்திருக்கிறார்கள்.

பிரிந்த சகோதரர்களின் கதை நம் யூபிலி மலருக்கு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். பிற சபைகளில் விளங்கும் கிறிஸ்தவ நலன்களை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் மீட்பின் கோட்பாடு பற்றிக் கூட்டறிக்கையில் கையொப்பமும் இட்டனர். ஆகவே தயக்கம் வேண்டியதில்லை.

லுத்தரன் சபை தமிழ் மண்ணில் கால் வைத்தது 1706-இல், சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது. பின்னர் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற கைம்பெண், லுத்தரன் குருவான சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். தஞ்சை நாட்டுப் பிராமணக் குலத்தவர். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த 40 பெயர்களுள் முதற்பெயர் அவருடையதே. அவர் முயன்று எழுப்பிய சிற்றாலயம் 1785-இல் அர்ச்சிக்கப்பட்டது. அதனை மக்கள் 'பாப்பாத்தி கோயில்' என்றே அழைத்தார்கள். அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1993-இல் விழுப்புரம், கடலூர் என்று பிரியும்வரை குயிலாப்பாளையமும் பரங்கிப்பேட்டையும் ஒரே தென்னாற்காடுதான். இங்கே லுத்தரன் பணி வேரூன்றியது ஒரு வழக்கினால் என்றே சொல்ல வேண்டும். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஓக்ஸ் என்ற ஜெர்மானியக் குரு, சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று பிரிந்து வந்து, மேல்பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' என்ற நிலையத்தை அமைத்தார். அவர் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். அந்த மிஷனின் உழைப்பில் வளர்ந்ததே, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. எல்லோரும் ஒரே பந்தியில் என்பதற்காகப் பிறந்த மிஷன் அது. ஆயினும் அங்கும் ஆலோசனைச் சபையில் அமர்ந்தவர்கள் ஆண்கள். வீடு வீடாக நடந்தவர்கள் பெண்கள்.

இந்த மிஷனின் ஊழியராக 1909-இல் டென்மார்க்கிலிருந்து வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன். கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும், அது வாழ்க்கைக்கு உதவ வேண்டும் என்று போதித்த டேனிஷ் பேரறிஞர் குருண்ட்விக்கின் வழியில் வளர்ந்தவர் அவர். சில ஆண்டுகள் கழித்து எஸ்தர் பேரிங் என்ற இளம்பெண்ணும் வந்து, திருக்கோவிலூர் மிஷனில் பணி செய்தார். பெண்களுக்கு நல்லதொரு பள்ளி எப்படி நடத்துவது என்று கண்டறிய இருவரும் வடக்கே பயணம் போனார்கள். 1917 சனவரியில் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கண்டார்கள். சபர்மதிக்கு ஆசிரமம் இடம் மாறுவதற்கு முன்பு இது.

போனது பள்ளி நடத்தும் முறையைக் கற்க. திரும்பியபோது நெஞ்சில் வேறொரு கேள்வியும் கூடவே வந்தது. ஆளும் அரசாங்கத்துக்கு நல்ல பிள்ளைகளாக இருந்துகொண்டு, ஆளப்படும் மக்களுக்கு ஊழியம் செய்வது எப்படி? காந்தியடிகள் எஸ்தரைத் தம் மகளாகவே பாவித்துக் கடிதங்கள் எழுதினார். அவை பின்னாளில், 1956-இல், நூலாகவே வெளிவந்தன. ஆனால் அன்றைக்கு அந்த உறவு அரசாங்கத்தின் கண்ணை உறுத்திற்று. மிஷனும் அதை விரும்பவில்லை. மிஷனையும் நாம் ஒரேயடியாகக் குறை கூறுவதற்கில்லை. அந்நிய நாட்டு மிஷன் அது. வெள்ளை அரசாங்கம் முகம் சுளித்தால் பள்ளி, மருத்துவமனை, சபை எல்லாமே ஆட்டம் காணும். இருந்தாலும் அந்த அச்சத்தின் விலையை இரண்டு பெண்கள் செலுத்த நேர்ந்தது. 1920-ஐ ஒட்டி இருவரும் மிஷனைவிட்டு விலகினார்கள். சம்பளமும் பாதுகாப்பும் போயின. எஸ்தர் பின்னர் டாக்டர் மேனன் என்ற மலையாளியை மணந்துகொண்டார்.

ஆன் மேரி வந்து சேர்ந்த இடம் பரங்கிப்பேட்டை. குயிலாப்பாளையத்திலிருந்து புதுவை, கடலூர் வழியாகப் போனால் ஏறக்குறைய 60 கிலோ மீட்டர். போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்று பெயரிட்ட பழைய துறைமுகம். 1781-இல் ஹைதர் அலி படையும் ஆங்கிலப் படையும் மோதிய ஊர். அங்கே அவர் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நிலையத்துக்கு 1921-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகளே. அதே ஆண்டு செப்டம்பரில்தான் மதுரையில் அவர் அரையாடை பூண்டார். நிலையத்தின் பெயர் 'சேவா மந்திர்', தொண்டின் ஆலயம். அரசாங்க மானியத்தை நம்பாத தேசியக் கிறிஸ்தவப் பள்ளி அது. படிப்போடு இராட்டையும் உண்டு. டென்மார்க்கிலிருந்த நண்பர்கள் அனுப்பிய உதவியில் நாட்கள் ஓடின.

அதே 1921 செப்டம்பரில் டப்ளின் நகரில் ஒரு சிறு குழு கூடி, மருத்துவமனையில் கிடந்த ஏழைப் பெண்களைச் சந்திக்கத் தீர்மானித்தது. நம் பங்குகளில் நன்கு அறிமுகமான மரியாயின் சேனையின் தொடக்கம் அதுதான். கூடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதல் தலைவியும் எலிசபெத் கிர்வன் என்ற பெண்மணியே. அதற்கும் வெகு முன்னதாக, 1844-இல், துய்ப்புய் அடிகள் புதுவையில் ஏற்படுத்திய மரியன்னையின் மாசற்ற இருதய சபைச் சகோதரிகள், பெண்கல்விக்காகவே தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும், பீடத்திற்குப் பூ வைக்கும் கைகளையும், திருநாளுக்கு வரி தண்ட வெயிலில் அலையும் கால்களையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பங்குப் பேரவையில் பேசும் குரல்களை எண்ணினால், நமக்கே சற்று வெட்கமாக இருக்கிறது.

பீட்டர்சன் அம்மையார் குருப்பட்டம் பெற்றவரல்லர். அவருடைய தாய்நாட்டுச் சபையில் அன்று பெண்களுக்கு அந்த வாசலே திறக்கவில்லை. (நம் திருச்சபையின் மரபு வேறு, அந்த வாதத்தில் நான் இறங்கவில்லை.) டென்மார்க் சபை முதன்முதலாக மூன்று பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தது 1948-இல். இந்திய லுத்தரன் சபைகளுக்கு அதற்கும் பிறகு பல ஆண்டுகள் பிடித்தன. அந்த 1948-இல் அம்மையாருக்கு வயது 70-ஐ எட்டிக்கொண்டிருந்தது. இந்தியா விடுதலை பெற்றதையும் கண்டுவிட்டார். 1951-இல் அவர் காலமானார். சேவா மந்திர் என்ற பெயரோடு பரங்கிப்பேட்டையில் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மணியடிக்கும் சத்தத்தைக் கேட்கலாம்.