வறியோர் சட்டத்துத் தலைக்கூற்று: பொழிப்பும் உரையும்

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்து, 1601ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தார் நிறைவேற்றிய வறியோர் சட்டத்தின் தலைக்கூற்றுக்கு ஈண்டு உரை வகுக்கப்படுகின்றது. மூலம் ஒரே நெடுந்தொடராய்க் கிடத்தலின், அதன் கருத்தைத் தமிழிற் சுருக்கி, உறுப்புறுப்பாகப் பிரித்துப் பொருள் உரைக்கப்படும்.

சட்டம் எழுந்த காரணம் அறியாக்கால் அதன் சொற்கிடக்கை விளங்காது. 1594 தொடங்கி நான்கு அறுவடைகள் அந்நாட்டிற் பொய்த்தன. 1595இல் இலண்டன் மாநகரத்துத் தொழில் பழகும் இளைஞர் மீன், வெண்ணெய் விலை பொறாது கலகம் விளைத்தனர். மறு ஆண்டு ஆக்ஸ்போர்டுஷயரில் பார்த்தலோமியு ஸ்டீர் என்னும் தச்சர், பொதுநிலத்தை வேலியிட்டு வளைத்தாரை எதிர்த்து எழுமாறு ஏழைகளை என்ஸ்லோ குன்றுக்கு அழைத்தார். வந்தோர் மிகச் சிலரே. அரசோ அதனை அரசத் துரோகமாகவே கொண்டது. இவற்றின் பின் கூடிய நாடாளுமன்றம் 1598இல் இயற்றிய சட்டத்தையே திருத்தி 1601இல் நாடாளுமன்றத்தார் மீண்டும் நிறுவினர்.

ஒவ்வொரு பங்கிலும், கோயிற் காவலரோடு, பொருளுடைய இல்லத்தார் நால்வரோ மூவரோ இருவரோ ஆண்டுதோறும் வறியோர் மேற்பார்வையாளராக அமர்த்தப்படுக.

பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்வட்டம். கோயிற் காவலர் என்பார் அக்கோயிலின் உடைமையும் கணக்கும் பேணுவார். நால்வர், மூவர், இருவர் என இறங்குமுறையாற் கூறியது ஊரின் பெருமை சிறுமை நோக்கி. பொருளுடைய என்னும் அடை, பிறர் பணம் கையாள்வார் தாம் வறியர் ஆகாமைப் பொருட்டு வந்தது. அமர்த்துவார் யார் எனின், சமாதான நீதிபதியர் இருவர் என்க. அவர் அரசியின் ஆணை பெற்றோர் ஆகலின், ஊரார் செய்யும் அறம் அரசின் கண்காணிப்பின்கீழ் வந்தமை பெறப்படும்.

பேணவியலாப் பெற்றோரின் பிள்ளைகளையும், வாழ்வதற்கு வழியின்றி அன்றாடத் தொழில் ஒன்றும் செய்யாதாரையும் வேலையில் அமர்த்துக.

இவ்வுறுப்பே கூற்றின் உயிர்நிலை. கற்பார் இதன்கண் நெடிது நிற்றல் வேண்டும். வழியின்மை, தொழில் செய்யாமை என்னும் இரண்டும் ஒருங்கு கூறப்பட்டன. வழியுடையான் தொழில் செய்யாதிருப்பின் அவன் செல்வன். அவனைச் சட்டம் தீண்டாது. தொழில் அறியாதார் என்னாது தொழில் செய்யாதார் என்றது ஆழ்ந்த நோக்குடைத்து. என்னை? நெசவு அறிந்தும் நூல் இன்மையால் தறி நின்றானும் இதனுள் அடங்குவான். அந்நாட்டு ஏற்றுமதியின் தலைமைப் பண்டம் கம்பளித் துணி. அதிற் பெரும்பகுதி ஆண்ட்வெர்ப் துறைக்கே சென்றது. 1551இல் அச்சந்தை சரிந்தபோது உள்நாட்டு நெசவாளர் தம் குற்றம் ஏதுமின்றியே வேலை இழந்தனர். 1572ஆம் ஆண்டுச் சட்டமோ, திரிவாரைக் கசையால் அடித்துக் காதைச் சுட்டுத் துளைக்க விதித்தது. வேலை மறுப்பாரைத் திருத்தகத்துக்கு அனுப்பும் கடுமை இச்சட்டத்தின் பிறிதோர் உறுப்பிலும் உண்டு. ஆயின் ஈண்டு வேலை தருதல் முன்னும், ஒறுத்தல் பின்னுமாக வைத்த முறை கருதத்தக்கது.

இதன்பொருட்டு, குடியிருப்போர், குருமார் யாவரிடத்தும், நிலம், வீடு, பிறர்வயப்பட்ட தசமபாகம், நிலக்கரிச் சுரங்கம், விலைக்குரிய குறுங்காடு இவற்றைக் கைக்கொண்டோர் யாவரிடத்தும் வரி தண்டுக.

யாவரிடத்தும் என்னும் முற்றும்மையால், விரும்பியோர் இடும் பிச்சை ஊரார் செலுத்தும் கடனாயிற்று. மறுப்பாரின் பொருளைப் பறித்து விற்கவும் பின்னே விதி உண்டு. பிறர்வயப்பட்ட தசமபாகம் என்பது, 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி துறவுமடங்களைக் கலைத்தபின், இல்லறத்தார் கைப்பட்ட, கோயிலுக்குரிய பத்திலொரு பங்கு விளைவு. மடத்து வாயிலில் ஏழைகள் பெற்றுவந்த சோறும் அன்றே நின்றது. அவ்வருவாயைப் பெயர் சுட்டி வரிக்கு உட்படுத்தியது மிக்க நீதியாம்.

நிலக்கரி எனச் சிறப்பித்தமையால், ஈயம் முதலிய பிற சுரங்கங்கள் வரிக்கு உரியன அல்ல என நீதிமன்றத்தார் கொண்டனர். 1874இல்தான் அவை உட்பட்டன. ஒரு சொல் கூறப்பட்டதும் கூறப்படாததும் இருநூற்று எழுபது ஆண்டுக்கு மேல் பயன் விளைத்தவாறு காண்க.

இனி, எண்ணப்பட்டவை பெரும்பாலும் மண்சார்ந்த உடைமையே. கப்பலும் சரக்கும் பெயர் கூறப்படவில்லை. 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான், பின்னாளிற் சென்னையில் கோட்டை எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசி பட்டயம் அளித்திருந்தார். அத்தகு வணிகரின் செல்வம் குடியிருப்போர் என்னும் பொதுச்சொல்லாலன்றி வரிக்குள் வாராது. வணிகச் சரக்கு வரிக்கு உரியதோ அன்றோ என வழக்கு நெடுநாள் நீண்டது. இவ்விடத்துச் சட்டம் இன்னும் தெளிவாகக் கூறியிருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

ஆளிநார், சணல், கம்பளி, நூல், இரும்பு முதலியன சேர்க்க; முடவர், வலியற்றோர், முதியோர், குருடர் முதலிய உழைக்க இயலாதார்க்குப் பணம் அளிக்க.

முன்னையது கருவிப்பொருள்; பின்னையது உதவித்தொகை. வலியுடையார்க்கு மூலப்பொருளும் வலியிலார்க்குப் பணமும் என நிரனிறையாகக் கொள்க. முதலிய என்றதனால் நோயாளரும் அடங்குவர். பிள்ளைகளைத் தொழில் பழக விடுதலும் இதனோடு சேர்த்து ஓதப்பட்டது. ஆணுக்கு 24 வயது, பெண்ணுக்கு 21 வயது அல்லது மணம் எல்லை என்பது பின்வரும் உறுப்பு. பெற்றோர் இசைவு கேட்க வேண்டும் என ஓரிடத்தும் கூறாமை துயர் தருவது. அதனை மறைத்து உரை கூறுதல் தகாது.

மேற்பார்வையாளர் திங்கட்கு ஒருமுறையேனும் ஞாயிறு பிற்பகல் வழிபாட்டின்பின் கோயிலிற் கூடுக. ஆண்டு முடிந்து நான்கு நாளுள் கணக்குக் காட்டுக. தவறின் 20 ஷில்லிங் தண்டம்.

ஏனும் என்றது குறைந்த எல்லை குறித்தது. தேவை மிகின் மிகுதியும் கூடுவர். நான்கு நாள் என்றது கணக்கைப் புனைதற்கு இடங்கொடாமைப் பொருட்டு. தண்டம் கூறியது, இப்பதவிக்கு ஊதியம் இன்மையின், பணியைக் கைவிடுவாரைத் தடுக்க வேறு வழியின்மை கருதி என்க. அத்தண்டப் பணமும் அப்பங்கின் வறியோர்க்கே சேரும்.